மிளகாய் மில் வீடு – 14: ஒரே வயிற்று ரத்தம்

காஜா பெராங்கில் சேதுராமனின் அரவை மில் ஓட ஆரம்பித்தால், மலாக்கா ஆற்றில் கட்டிக் கிடக்கும் தொங்கான் படகுகள்கூடத் தும்மும். மிளகாய் அரைக்கிற நாளில் அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர், "மில்லு வருது, மூக்கப் புடிங்க!" என்று கூவிவிட்டுத்தான் மணியடிப்பார். இதில் ஒரு சொல் கூடுதல் என்று யாராவது சொன்னால் அவர் மலாக்காவில் ஒரு நாள்கூடச் சுவாசித்தவர் அல்ல.

அந்த மில் முதலாளி போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தார். ஏன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். போன வாரப் பத்திரிகையை மீன் கட்டக் கொடுத்துவிட்டவர்களுக்காக மட்டும் நாலு வரி.

மூத்த மருமகள் விஜயாவுக்கு எட்டாம் மாதம். முதல் பெண் ஜெயா, நான்கு வயதுச் சூறாவளி. இரண்டாவதாகப் பிறந்த ஆண் குழந்தை மறுநாளே மஞ்சள் பூத்து, கண் திறந்து ஒருவரையும் சரியாகப் பார்க்காமலே போய்விட்டது. ஓயாத அந்த மில் ஒரு வாரம் வாயடைத்துக் கிடந்தது அப்போதுதான்.

ஆகவே இந்த முறை டாக்டரம்மா கமலவேணி முன்கூட்டியே விஜயாவின் ரத்தத்தைச் சோதித்தார். நெகட்டிவ் வகை என்றார். கணவர் பாசிட்டிவ் வகையாக இருந்து, வயிற்றுப் பிள்ளையும் அவர் ரத்தத்தைக் கொண்டு வந்தால், தாயின் உடம்பே அதைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குமாம். மஞ்சள் அதனால்தான் வருமாம். கணவரும் நெகட்டிவ் என்றால் பயமே இல்லை. "அவரையும் அனுப்புங்க, பார்த்துடலாம்" என்றார்.

சோதனைக்கு ஆளுக்குப் பதினைந்து வெள்ளி. மருந்து சீமையிலிருந்து கப்பலில், ஐஸ் மெத்தையில் படுத்துக்கொண்டு வருகிறது. சும்மா வருமா? மருமகளுக்கான பதினைந்தைச் சேதுராமன் சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தார். மகனுக்கு இன்னொரு பதினைந்து என்றதும் சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

ஏனென்றால் அவருடைய இளைய மகன் தேவதாஸ் போலீஸில் இருந்தான். பேராக் காடுகளில் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அவனுடைய ரத்தத்தைச் சர்க்காரே சொந்தச் செலவில் சோதித்து, அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தது. ஓ நெகட்டிவ்.

"ஒரே வயித்துல பொறந்தவனுங்க. அண்ணன் ரத்தம் வேற, தம்பி ரத்தம் வேறயா? ஒரே மூட்டை மொளகாயில ஒரு பிடி செவப்பாவும் ஒரு பிடி பச்சையாவும் வருமா?" என்று தமக்குத் தாமே வழக்காடி, தாமே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். டாக்டரம்மாவிடம் போய், "மூத்தவன் ரத்தம் ஏற்கெனவே பார்த்தாச்சு. அவனும் நெகட்டிவ்" என்று சொல்லிவிட்டார். அதைப் பொய் என்று அவர் எண்ணவே இல்லை. சிக்கனம் என்றுதான் எண்ணினார்.

மூத்தவன் கணேசமூர்த்திக்கு இது தெரியும். தோளுக்கு ஒன்றாக இரண்டு மூட்டை தூக்குகிற அந்த ஆறடி மனிதன், ஊசியைக் கண்டால் வாழைத்தண்டாக மடங்கி விழுகிறவன். அப்பாவின் தீர்ப்பை அவன் இரு கை கூப்பி ஏற்றுக்கொண்டான்.

இருவரும் நெகட்டிவ்! ஆபத்தில்லை! வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம்! சேதுராமன் கோப்பிக் கடையில் மேசை தட்டி, அது ராஜ வம்சங்களில் மட்டுமே ஓடும் ரத்தம் என்று அறிவித்தார். அந்த உற்சாகத்திலேயே, இம்மாதக் கடைசியில் வரப்போகும் மெர்டேக்கா சுதந்திர நாளுக்காக மில்லின் முகப்பையே மூடும் அளவுக்கு ஒரு கொடி தைக்கச் சொன்னார். தையற்காரர் துணியை விரிக்க இடமில்லாமல் சாலையை மறித்ததாகக் கேள்வி.

இனி வியாழக்கிழமை.

விஜயாவை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போவது வழக்கமாக மாமியார் பூங்காவனத்தின் வேலை. அன்று பார்த்தால், தங்கப் பொத்தான் சட்டையும் சலவை வேட்டியுமாகச் சேதுராமன் வாசலில் நின்றார்.

"நீங்க எதுக்கு? புள்ள பெறப்போறது நீங்களா?" என்றாள் பூங்காவனம்.

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்டி. நெகட்டிவ் வம்சம்னா சும்மாவா? நாளைக்கே ஆராய்ச்சி பண்றவங்க பேரு, ஊரு கேட்டு வருவாங்க."

"போன வாரந்தான் அப்படின்னா என்னான்னே தெரிஞ்சுது. அதுக்குள்ள வம்சமாம்!"

"வரட்டும் அத்தே" என்றாள் விஜயா. "மாமா வந்தா வண்டிக்காரருக்கும் பொழுது போகும்."

மூன்று சக்கரப் பேச்சா வண்டியில் ஜெயாவை மடியில் இருத்திக்கொண்டு சேதுராமன் உட்கார்ந்தார். வண்டிக்காரர் மிதிக்க, இவர் மலாயில் அவருக்கு வம்ச வரலாறு சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று விஜயா கேட்டாள்.

"மாமா, ரெண்டு பேரும் நெகட்டிவ்னா பயமில்லன்னாங்க. அப்போ நம்ம பையனுக்கு ஏன் மஞ்சள் வந்துச்சு?"

"அது... கண்ணேறும்மா."

"கண்ணேறு ரத்தத்துலயா போயி ஒளியும்?"

சேதுராமனின் தொண்டையில் ஒரு மிளகாய் விதை ஒட்டிக்கொண்டது போல இருந்தது. செருமிப் பார்த்தார். போகவில்லை. மிச்ச தூரம் வம்ச வரலாறும் நின்றுபோயிற்று.

டாக்டரம்மாவின் கிளினிக்கில், அரைக் கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில், வெற்றிலைக் கடை மருதமுத்து ஒரு காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவர் காதில் விழுகிற செய்தி உஜோங் பாசிர் கடலில் கால் நனைத்து, புக்கிட் பாரு மேட்டில் ஏறி இறங்கி, அவருக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"என்னா சேது, நெகட்டிவ் ராஜா! கிரீடத்த வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

"உனக்கென்னா, காதுல பஞ்சு? ஊர்க்கதை ரொம்பி வழியுதா?"

"ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு ரெட்டை வேலை பாக்கும்லா. நீ கவலப்படாத."

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா விஜயாவைப் பரிசோதித்து, பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் பேனாவை மூடவில்லை.

"ஒரு விஷயம் எனக்கு ஒட்டவே இல்லை, விஜயா. அப்பா அம்மா ரெண்டு பேரும் நெகட்டிவ்னா ரெண்டாவது குழந்தைக்கு அப்படி மஞ்சள் வந்திருக்கக் கூடாது. வேற காரணமும் இருக்கலாம். இருந்தாலும் பாப்பா விரல்ல ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கட்டுமா? புட்டியில கொஞ்சம் மிச்சம் இருக்கு, இந்த வாரத்தோட வீணாயிடும். காசு வேணாம்."

காசு வேண்டாம் என்ற சொல்லில் சேதுராமனின் மிளகாய் விதை இறங்கிவிட்டது.

"எடுங்க, எடுங்க! ரெண்டு சொட்டாவே எடுங்க! அதுவும் நெகட்டிவ்தான் டாக்டர், நான் எழுதியே தரேன்!"

ஜெயா ஊசிக்கு அழவில்லை. குத்தியவரிடம் அவருடைய அம்மா பெயரையும், வீட்டில் பூனை இருக்கிறதா என்பதையும் விசாரித்தாள். டாக்டரம்மா ஒப்பிட்டுப் பார்க்க விஜயாவிடமும் ஒரு துளி எடுத்து, சூடான விளக்குப் பெட்டியின் மேல் கண்ணாடித் தகட்டில் இரண்டையும் வைத்து, சீமை மருந்தைச் சொட்டி, தகட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினார். மூன்று தலைகள் குனிந்தன.

ஒரு துளி குங்குமக் கரைசல் போல வழவழவென்று ஓடியது. மற்றொன்று எலுமிச்சை பிழிந்த பாலைப் போலத் திரிந்து, மணல் மணலாக நின்றுவிட்டது.

"திரிஞ்சது யாருது?" என்றாள் விஜயா.

"பாப்பாவோடது. திரிஞ்சா பாசிட்டிவ்." டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. "அப்பாவும் அம்மாவும் நெகட்டிவா இருந்தா, பாசிட்டிவ் பிள்ளை பொறக்க முடியாது."

அரைக் கதவுக்கு வெளியே ஒரு இருமல் பாதியில் நின்றது.

சேதுராமனுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. மில்லில் பெல்ட் அறுந்தால் ஒரு கணம் சத்தமே இருக்காது. அடுத்த கணம்தான் அது எங்கே சாட்டையாகச் சுழன்று அடிக்கப் போகிறது என்று எல்லாரும் தேடுவார்கள். அது எங்கே அடிக்கப் போகிறது என்று அவர் பார்த்துவிட்டார். விஜயாவின் முகத்தில்.

"உங்க மாமா கொஞ்சம் வெளியில இருக்கட்டும். நாம தனியாப் பேசுவோம்" என்றார் டாக்டரம்மா.

"வேணாம் டாக்டர். அவர் வெளியில போனா, நான் எதையோ மறைக்கிறேன்னு ஆயிடும்."

விஜயா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எட்டு மாத வயிற்றோடு அவள் நிமிர்ந்தபோது அந்த அறையின் கூரை ஒரு சாண் உயர்ந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும்.

"என் ரத்தம் பொய் சொல்லல. என் மக ரத்தமும் பொய் சொல்லல. ரெண்டையும் இப்போ கண்ணால பார்த்தோம். மூணாவத நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"இல்லை. உங்க மாமா சொன்னதை வச்சுக்கிட்டேன்."

"அப்போ எங்க வீட்டுக்காரரு எங்கயோ போயிப் பார்த்ததுல தப்பு நடந்திருக்கு. மருந்து கெட்டுப் போயிருக்கலாம், பேரு மாறியிருக்கலாம். என் புருஷன வரச் சொல்லுங்க. என் கண்ணு முன்னாடி திரும்பப் பாருங்க. காச நான் தரேன்."

மருந்தைச் சந்தேகித்தாள். பெயரைச் சந்தேகித்தாள். மாமனாரை மட்டும் அவள் சந்தேகிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் சேதுராமனின் நெஞ்சில் உலக்கையாக இறங்கியது.

'ஆமாம்மா, அங்கதான் தப்பா எழுதிட்டானுங்க' என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றது. சொல்லிவிட்டால் அவர் பெயர் தப்பும். கணேசமூர்த்தி வருவான், எல்லாம் சரியாகும். ஆனால் அதற்குள் அரைக் கதவுக்கு வெளியே ரெட்டை வேலை பார்க்கிற அந்தக் காது புறப்பட்டுவிடும். மத்தியானச் சோற்றுக்குள் உஜோங் பாசிரில் விஜயாவின் பெயரை மீனோடு சேர்த்து அலசுவார்கள். சரி என்று பிறகு வருகிற செய்தியை எந்த ஊரும் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

சேதுராமன் அரைக் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தார்.

"மருதமுத்து! காதுல இருக்கிற பஞ்ச எடு! இத ரெண்டு காதாலயும் கேளு!"

மருதமுத்து பயந்துபோய்ப் பஞ்சைப் பிடுங்கினார். பெஞ்சில் இருந்த இன்னும் சிலர், நோய் மறந்து நிமிர்ந்தார்கள்.

"என் மருமக சொன்னது நெசம். பொய் சொன்னது இந்த வாயி. என் மூத்தவன் ரத்தத்த யாருமே பார்க்கல. சின்னவன் தேவதாஸ் ரத்தம் நெகட்டிவ்னு அட்டையில இருந்துச்சு. ஒரே வயித்து ரத்தம், ஒண்ணாத்தான் இருக்கும்னு மூத்தவன் பேருக்குச் சொல்லிட்டேன். பதினஞ்சு வெள்ளிய மிச்சம் புடிக்கப் போயி, எங்க வீட்டு மகாலட்சுமி பேர நடுரோட்டுல வைக்கப் பார்த்தேன். இத ஊரு பூரா சொல்லு. ஒரு வார்த்தை கொறைச்சுச் சொன்ன, காத்து உன் கடைப் பக்கம் திரும்பற நாளாப் பார்த்து மொளகா அரைப்பேன்!"

"அலாமாக்!" என்றார் மருதமுத்து. அவர் ஆயுளிலேயே ஒரு செய்திக்கு ஒரே ஒரு சொல் சொன்னது அன்றுதான்.

சேதுராமன் உள்ளே திரும்பினார். விஜயா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"மில்லையே மூடற மாதிரி கொடி தைக்கக் குடுத்தீங்க, மாமா."

"ஆமாம்மா."

"இந்தப் புள்ள வீட்லயே பொறந்து, அதுக்கும் மஞ்சள் வந்திருந்தா?"

ஒன்றுக்கு ஒன்பதாகப் பேசுகிற அந்த மனிதர் தங்கப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"போயி உங்க மகனக் கூட்டிட்டு வாங்க" என்றாள் விஜயா. "அவருக்கும் இது தெரியும்தானே? தெரியாம இருக்காது. ஊசின்னா அவருக்குச் சாமி வருமே."

கணேசமூர்த்தி மில்லிலிருந்து அப்படியே வந்தான். தலை முதல் கால் வரை மிளகாய்த் தூள், தூணைப் பிளந்துகொண்டு வந்த நரசிம்மம் மாதிரி. அந்த நரசிம்மம் மனைவியின் முகத்தைப் பார்த்தது. பிறகு ஊசியைப் பார்த்தது. இரண்டில் எது பயங்கரம் என்று முடிவு செய்ய முடியாமல் தவித்தது.

"அப்பா, நான் அழவே இல்ல" என்று ஜெயா கட்டுப் போட்ட விரலைக் காட்டினாள்.

"விஜயா, நான் உன்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்..." என்று தொடங்கியவன், டாக்டரம்மா பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்ததும் வாசனைக்கே சாய்ந்தான். அவன் விழுந்ததில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது. டாக்டரம்மா தரையில் கிடந்த கையை எடுத்து, சாவகாசமாகக் குத்தித் துளி எடுத்துக்கொண்டார்.

தகடு சாய்ந்தது. எல்லாரும் குனிந்தார்கள். அரைக் கதவின் மேல் மருதமுத்துவின் தாடையும் இருந்தது.

திரிந்தது. எப்படித் திரிந்தது என்கிறீர்கள்! மணல் மணலாக, பொறி பொறியாக, அதைவிட அழகாகத் திரிந்த ரத்தத்தை மலாக்கா அதுவரை கண்டதில்லை.

"பார்த்தீங்களாய்யா!" என்று சேதுராமன் கத்தினார். "அப்பனும் மகளும் ஒண்ணு! என் மருமக நெருப்பு!"

"நெருப்புன்னு தெரியறதுக்கு இம்புட்டு நேரமா?" என்றாள் விஜயா. ஆனால் உதட்டோரம் லேசாக இளகியது.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மானத்தைக் காத்த அதே துளிதான் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்றும் சொன்னது.

"வீட்டில பிரசவம் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிதான். குழந்தைக்கு மஞ்சள் வந்தா அதோட ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு, நெகட்டிவ் ரத்தம் ஏத்தணும். குடுக்கிற ஆள் முன்கூட்டியே தயாரா இருக்கணும். மலாய்க்காரங்க, சீனவங்கள்ல தேடினாலும் கிடைக்கிறது கஷ்டம். நம்ம ஆட்கள்லயே நூத்துக்கு நாலஞ்சு பேர்தான்."

"என் சின்னவன் இருக்கானே!" என்றார் சேதுராமன்.

அங்கிருந்து நேராகத் தபாலாபீசுக்கு ஓடினார். அந்த வேட்டி அவ்வளவு வேகத்தை அதற்கு முன் அறியாது. பேராக்கில் தேவதாஸின் முகாமுக்கு டிரங்க் கால் போட்டார். கூண்டுக்குள் நின்று அவர் கத்திய கத்தலுக்குத் தொலைபேசிக் கம்பியே தேவையில்லை. மறுமுனையில் ஒரு சார்ஜன்ட் இரண்டே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வீடு திரும்பியபோது விஜயா கூடத்தில் ஜெயாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பூங்காவனம் அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, பூராவும் கேள்விப்பட்டிருந்தாள். சேதுராமன் மருமகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"தேவதாஸ் காட்டுக்குள்ள போயிருக்கான்மா. எப்போ திரும்புவான்னு அவுங்களுக்கே தெரியல."

விஜயா ஜெயாவின் வாயைத் துடைத்தாள். கை ஒரு கணம் வயிற்றின் மேல் நின்றது.

"வரட்டும். வந்தா சந்தோஷம். ஆனா வருவாருன்னு நம்பி நான் கைய கட்டிக்கிட்டு இருக்க மாட்டேன். நூத்துக்கு நாலஞ்சு பேருன்னு சொன்னாங்கல்ல? நம்ம மில்லுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேரு அரைக்க வராங்க?"

"ஊரே வருது."

"அந்த ஊர நீங்க வாயாலயே மேய்க்கிறவரு. இன்னிக்கு அந்த வாயி ஒரு நல்ல வேலை செஞ்சுச்சு, கதவத் தெறந்து. இன்னும் கொஞ்சம் செய்யச் சொல்லுங்க. வரவங்க ஒவ்வொருத்தரையும் கேளுங்க, ரத்தம் பார்த்துக்கிறீங்களான்னு."

"ஆளுக்குப் பதினஞ்சு வெள்ளிம்மா..." என்று பழக்கத்தில் வாய் தொடங்கிவிட்டது. சேதுராமன் அதைக் கையாலேயே பொத்திக்கொண்டார். பிறகு எழுந்தார். "அந்தக் கொடிய கைக்குட்டை அளவுக்குத் தைக்கச் சொல்லிட்டு வரேன்."

அன்று மாலை மில் வாசலில் ஸ்டூல் மேல் ஏறி நின்று அவர் பேசிய பேச்சைக் கேட்டவர்கள், கூட்டம் போடுகிற பாடாங் திடலில்கூட அப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை என்பார்கள். தம் முட்டாள்தனத்தை அவ்வளவு பெருமையாக வேறு எவரும் சொல்லியிருக்க முடியாது. ஒரே வயிற்றில் இரண்டு சாதி ரத்தம் ஓடும் குடும்பம் மலாக்காவில் வேறு இருந்தால் காட்டுங்கள் என்று சவால் விட்டார். டாக்டர் முன்னால் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்ட மருமகள் வேறு எந்த வீட்டில் இருக்கிறாள் என்று சவால் விட்டார். பிறகு குரல் தழைய, அவளுடைய பிள்ளைக்காக ஒரு சொட்டு கேட்டார்.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

மருதமுத்து.

"வாய்யா போவோம்" என்றார். "காலையில நான் கேட்ட கதைய இன்னும் ஒருத்தர்கிட்டகூடச் சொல்லல. நெஞ்சு வெடிக்குது. வேற ஏதாவது நல்ல காரியம் செஞ்சாத்தான் அடங்கும்."

டாக்டரம்மா கிளினிக்கைப் பூட்டப் போகிற நேரம். மறுபடியும் விளக்குப் பெட்டி சூடேறியது. மருதமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நீட்டினார். புட்டியிலிருந்து கடைசித் துளி மருந்து விழுந்தது. பக்கத்தில் விஜயா, அவள் பக்கத்தில் பூங்காவனம், சுவரில் சாய்த்து உட்கார வைக்கப்பட்ட கணேசமூர்த்தி.

"சேது" என்றார் மருதமுத்து, கண்ணைத் திறக்காமலே. "திரியலன்னா, என்னையும் உங்க ராஜ வம்சத்துல சேர்த்துக்குவியா?"

சேதுராமன் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

"திரிஞ்சாலும் சேர்த்துக்கிறேன்யா. பேசாம இரு."

டாக்டரம்மா தகட்டை மெல்லச் சாய்த்தார்.